பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் என்னென்ன ஊசி பாக்கி? நெல்லைச் சீமைப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒன்றரை வயதில் பூஸ்டர் போட்டு, காய்ச்சலும் இறங்கியதும் தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. "அதான் எல்லா ஊசியும் போட்டாச்சுல்லா" என்று ஆச்சியும் முடித்து வைத்துவிடுவாள். ஆனால் அரசின் இலவசப் பட்டியலிலேயே இன்னும் மூன்று ஊசி மிச்சம் இருக்கிறது: 5–6 வயதில் டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர், 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. கைக்குழந்தை இருக்கிற வீட்டை கிராம சுகாதாரச் செவிலியர் தேடி வருவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அப்படித் தேடி வர ஆள் இல்லை. பள்ளியில் போட்டிருப்பார்கள் என்று வீடு நினைக்க, வீட்டில் போட்டிருப்பார்கள் என்று பள்ளி நினைக்க, ஊசி நடுவில் விழுந்துவிடும்.

சின்ன வயதில் போட்டது போதாதா? போதாது. டி.பி.டி. தடுக்கும் நோய்கள் மூன்று: தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), ரண ஜன்னி (டெட்டனஸ்), கக்குவான் இருமல். மூன்றுக்கும் ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தி வருடம் போகப்போகக் கரையும். 2016ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியபோது பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய் வருகிறவர்கள் இல்லாத ஊர் தென்காசிப் பக்கம் குறைவு.

முதல் வேலை: அட்டையைத் தேடி எடுங்கள்

பிறந்தபோது கொடுத்த தாய் சேய் அட்டை, தனியார் டாக்டர் கொடுத்த சின்னப் புத்தகம், பள்ளி முகாமில் கொடுத்த துண்டுச்சீட்டு, காயத்துக்கு ஊசி போட்ட ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு தாளில் ஊசியின் பெயர், போட்ட தேதி, போட்ட இடம் என்று வரிசையாக எழுதுங்கள். தேதி இல்லாததைத் தனியாக ஒதுக்குங்கள். "போட்ட ஞாபகம் இருக்கு" என்பது கணக்கில் வராது. எழுத்தில் இல்லாத ஊசியைப் போடாததாக எடுத்துக்கொள்வதுதான் மருத்துவ நடைமுறை. அப்படி ஒரு ஊசி கூடுதலாகப் போய்விட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. டெட்டனஸ் கலந்த ஊசியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டால் முழங்கை வரைக்கும் கை வீங்கி வலிக்கலாம்.

அட்டை தொலைந்திருந்தால் பிறந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் கேட்டுப் பார்க்கலாம். பிரசவத்துக்குத் தாய் வீடு போன இடத்தில் முதல் மூன்று ஊசி, புகுந்த ஊரில் மிச்சம் என்று பதிவு இரண்டாகக் கிடப்பது இங்கே சகஜம். ஆகவே இரண்டு ஊரிலும் கேளுங்கள். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து கீழே இறங்கி வந்த குடும்பங்களும், மும்பையிலோ திருப்பூரிலோ இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் இந்தத் தாளை முதலில் தயார் செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். புதிய பதிவுகள் அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின் தளத்தில் ஏறுகின்றன. பிள்ளையைப் பதிந்த செல்போன் எண்ணைக் கொடுத்துச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். அப்பா வளைகுடாவில் இருக்க, அவர் எண்ணில் பதிந்திருந்தால் ஓ.டி.பி. அங்கே போய் நிற்கும். ஊரில் இருக்கிறவர் எண்ணைக் கொடுத்துப் பதியுங்கள்.

இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தால் அது காசநோய் ஊசிக்கு மட்டும்தான் சாட்சி. மற்ற எதற்கும் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

5–6 வயது: ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையோடு

டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர், 0.5 மில்லி, மேல்கைத் தசையில். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் போனால் வேலை முடியும். பீடி சுற்றுகிற தாய்க்கு ஒரு புதன்கிழமை என்பது ஒரு நாள் கூலி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஒருவரே கூட்டிக்கொண்டு போகலாம். அட்டைகளும் அந்தந்தப் பெற்றோரின் சம்மதமும் கையில் இருந்தால் சரி.

இந்த ஊசிக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. 7 வயது முடிந்தால் டி.பி.டி. கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கு அதிலுள்ள கக்குவான் பகுதியும் முழு அளவு டிப்தீரியா பகுதியும் வீக்கத்தையும் காய்ச்சலையும் அதிகமாகத் தரும் என்பதுதான் காரணம். ஆகவே "அடுத்த லீவுக்குப் பார்ப்போம்" என்று தள்ளினால் கக்குவானுக்கான இலவச வாய்ப்பு கைவிட்டுப் போகும்.

மூன்று ஊசிகளில் அதிகம் படுத்துவது இதுதான். அன்று மாலை காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சிவந்த வீக்கம், இரண்டு நாள் கை தூக்க வலி. இவை எதிர்பார்க்கக்கூடியவை. பாராசிட்டமால் கணக்கு ஒரு கிலோ எடைக்கு 10–15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 200–300 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப் பாட்டிலில் தவறு நடப்பது அளவில்தான். 5 மில்லியில் 120 அல்லது 125 இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. லேபிளைப் படிக்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். காய்ச்சல் வரும் முன்னே கொடுத்து வைக்கவும் தேவையில்லை. வீக்கத்தின் மேல் ஈரத்துணி வைக்கலாம். சுடுநீர் ஒத்தடம், எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, தைலம் எதுவும் வேண்டாம்.

10, 16 வயது: "டி.டி." என்ற பெயரில் வரும் குழப்பம்

தமிழில் ஒரே சத்தமாக ஒலிக்கும் இரண்டு ஊசிகள் உண்டு. பழையது ரண ஜன்னிக்கு மட்டும். புதியது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து. ஆங்கிலத்தில் எழுதினால் வித்தியாசம் தெரியும்: பழையதில் இரண்டு எழுத்தும் பெரியது (TT), புதியதில் இரண்டாம் எழுத்து சின்னது (Td). டிப்தீரியா பகுதி குறைந்த அளவில் இருப்பதால்தான் அந்தச் சின்ன எழுத்து. அரசுத் திட்டத்தில் பழையதற்குப் பதில் புதியது வந்துவிட்டது. தனியார் கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் பழையது இன்னும் கிடைக்கிறது.

விளைவு என்ன? ஒன்பது வயதில் உடமுள் குத்தி, பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டிருப்பார்கள். பள்ளி முகாமில் அந்தப் பிள்ளை "எனக்கு டிடி போட்டாச்சு சார்" என்று சொல்லி வரிசையை விட்டு நகர்ந்துவிடும். போட்டது பழையதாக இருந்தால் தொண்டை அடைப்பானுக்குப் பாதுகாப்பு சேரவே இல்லை. ஆகவே காயத்துக்குப் போட்ட சீட்டைக் காட்டி, இரண்டில் எது என்று செவிலியரிடமே கேளுங்கள். அட்டையில் எழுதும்போது ஆங்கில எழுத்து சரியாக விழுகிறதா என்றும் பாருங்கள்.

அளவு இரண்டு வயதிலும் 0.5 மில்லிதான். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பள்ளி முகாமில் போடுவார்கள். முகாம் அன்று வராத பிள்ளைதான் விட்டுப்போகிறது. ஆனித் தேரோட்டத்துக்கு டவுனில் உள்ள மாமா வீட்டுக்குப் போனது, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு ஒரு வாரம் தங்கியது, காய்ச்சல் என்று படுத்தது, எதுவானாலும் திரும்பி வந்ததும் அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைக்கும் ஐ.டி.ஐ. போன பிள்ளைக்கும் முகாம் கண்ணில் படாது. 16 ஆனதும் வீட்டார்தான் கூட்டிப் போக வேண்டும்.

முகாம் நாளில் நடக்கும் பெரிய தொந்தரவு மருந்தால் வருவதில்லை, மயக்கத்தால் வருகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்த பயத்திலேயே ரத்த அழுத்தம் இறங்கி விழுவார்கள். வெறும் வயிறு இதை இன்னும் மோசமாக்கும். ஐந்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவு உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஒரு டம்ளர் காப்பியோடு ஓடி வந்திருக்கும். ஒரு பிள்ளை விழுந்ததும் பார்த்த ஐந்து பேர் விழுவார்கள், மதியத்துக்குள் "ஊசி போட்டு மயங்கிட்டாங்க" என்று வாட்ஸ்ஆப்பில் ஊரே கலங்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போட்டபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்ஆப் வதந்தி எவ்வளவு பேரைத் தடுத்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

தடுப்பது எளிது. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். பள்ளி செய்ய வேண்டியது: ஊசி போடும் அறை வேறு, காத்திருக்கும் அறை வேறு என்று பிரிப்பது, உட்கார வைத்துப் போடுவது, போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் அமர வைப்பது. மயங்கினால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிவார்கள். நோன்பு பிடிக்கும் பிள்ளைக்கு ரம்ஜான் முடிந்து போட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மேலப்பாளையம், ஏர்வாடிப் பக்கப் பள்ளிகள் முகாம் தேதியை அதற்கேற்ப கேட்டு வாங்கலாம்.

காசு கொடுத்துப் போடுகிறவை

அரசுப் பட்டியலுக்கு வெளியே குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பவை சில உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் போட முடியாதவர்கள் எதை முதலில் வைப்பது? எங்கள் அபிப்பிராயம்: பெண் பிள்ளையானால் எச்.பி.வி., அடுத்து சின்னம்மை ஊசி, பிறகு பொன்னுக்கு வீங்கி.

எச்.பி.வி. ஊசி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் 2 ஊசி. 15 ஆகிவிட்டால் 3: முதல் நாள், ஒன்று அல்லது இரண்டு மாதத்தில், ஆறாம் மாதத்தில். சின்ன வயதில் உடம்பு வலுவாக எதிர்வினை காட்டுவதால்தான் ஊசி குறைகிறது. 14ல் போட்டால் 2, 15ல் போட்டால் 3 என்பது பர்ஸுக்கும் நல்ல கணக்கு. இரண்டாம் ஊசியை அவசரப்பட்டு மூன்றாம் மாதமே போட்டுவிட்டால் மூன்றாவது தேவைப்படும். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9–20 வயதுக்கு ஒரே ஊசியும் போதும் என்ற வாய்ப்பை ஏற்றது. அதனால் அரசு முகாமில் ஒன்றோடு நிறுத்தினால் பதற வேண்டாம். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025–26 பட்ஜெட்டில் அறிவித்தது. காசு கொடுக்கும் முன் உங்கள் சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது எதுக்கு?" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. வைரஸ் உடம்புக்குள் வரும் முன் போட்டால்தான் முழுப் பலன், வந்தபின் போட்டால் அதை விரட்டாது. அதனால்தான் இந்த வயது. பிள்ளை பெறும் திறன் பாதிக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பையன்களுக்கும் போடலாம். சீரம் நிறுவனத்தின் இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் இரு பாலருக்கும் அனுமதி பெற்றது.

சின்னம்மை ஊசி இரண்டு தவணை. 13 வயதுக்குள் மூன்று மாத இடைவெளி, 13க்கு மேல் 4–8 வார இடைவெளி போதும். மாசி, பங்குனியில் அம்மை கிளம்பும்போதுதான் பொதுத்தேர்வும் வரும். ஒன்பதாம் வகுப்பு லீவில் போட்டுவிட்டால் தேர்வு நேரத்தில் வேப்பிலைப் படுக்கையைத் தவிர்க்கலாம். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால், ஊசி போடாத மற்றப் பிள்ளைக்கு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டாலும் பெரும்பாலும் தடுக்கும் அல்லது லேசாக்கும். ஏற்கெனவே அம்மை வந்துபோன பிள்ளைக்குத் தேவையில்லை. இந்த ஊசிக்குப்பின் ஆறு வாரம் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு அரசு போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் கிடையாது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியில்தான் இருக்கிறது. தாடை வீங்கிய பிள்ளையைப் பார்த்தபின் "அரசு ஊசி போட்டும் வந்துட்டே" என்று வருந்துவோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 4–6 வயதில் ஒரு தவணை. முன்பு எதுவும் போடாத பெரிய பிள்ளைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு.

மற்றவை சுருக்கமாக: டைபாய்டு கான்ஜுகேட் ஊசி ஒரு தவணை. மஞ்சள் காமாலை ஏ வகைக்குச் செத்த வைரஸ் ஊசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு, உயிருள்ள (வீரியம் குறைத்த கிருமி கொண்ட) வகையானால் ஒன்று. விடுதிச் சாப்பாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு இவை இரண்டும் உபயோகம். 10–12 வயதில் டெட்டனஸ், டிப்தீரியாவோடு கக்குவானும் சேர்ந்த டீடாப் ஊசி தனியாரிடம் உண்டு. 10 வயது இலவச ஊசிக்குப் பதிலாக அதைப் போடலாம்.

மருந்துக் கடையில் வாங்கிப் போவதானால் ஒன்று கவனிக்க வேண்டும். இந்தத் தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஜங்ஷனில் வாங்கி, சித்திரை வெயிலில் திசையன்விளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால் அம்மை ஊசியும் எம்.எம்.ஆரும் வீரியம் இழக்கும். மாறாக வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் எச்.பி.வி., டி.பி.டி., டி.டி., மஞ்சள் காமாலை பி எல்லாம் உறைந்து பாழாகும். உருகியபின் பார்க்க நன்றாகவே தெரியலாம், பலன் இராது. ஊசி போடுகிற டாக்டரிடமே குளிர்ப்பெட்டியில் இருப்பதை வாங்குவதுதான் உத்தமம்.

விட்டுப்போன பிள்ளைக்கு

இடையில் நின்றதை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும்.

7 வயதுக்குள், டி.பி.டி. வகையே போடாத பிள்ளைக்கு: 4 வார இடைவெளியில் 3 ஊசி, ஆறு மாதம் கழித்து பூஸ்டர். நடுவில் 7 முடிந்துவிட்டால் மிச்சத்தைப் புது டி.டி.யாகத் தொடர்வார்கள். 7க்கு மேல், எதுவுமே இல்லாத பிள்ளைக்கு: புது டி.டி. முதல் நாள், 4 வாரத்தில், பிறகு ஆறாம் மாதத்தில். காசு செலவழிக்க முடிந்தால் முதல் தவணையை டீடாப்பாகப் போடலாம். மஞ்சள் காமாலை பி: 0, 1, 6 மாதம்.

ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி போடலாம், வேறு வேறு இடத்தில். எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் போடுங்கள், இல்லையென்றால் 4 வாரம் விடுங்கள். நடுவில் போட்டால் இரண்டாவது சரியாகப் பிடிக்காது.

ஊசி அறையில்

குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கருத்தாலோ அந்தக் குப்பி சூடு பட்டது. திறந்த டி.டி. குப்பியை, தேதி எழுதிக் குளிரில் வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஆகவே ஏற்கெனவே திறந்த குப்பி என்றால் சண்டை போட வேண்டாம். உறை பிரிக்காத புது சிரிஞ்சாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சளி, லேசான இருமல், ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, மாதவிடாய் எதுவும் தடை இல்லை. கொதிக்கிற காய்ச்சலென்றால் இறங்கியபின் போடலாம். முந்தைய தவணைக்கு மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால், வலிப்பு நோய் இருந்தால், புற்றுநோய் சிகிச்சையோ நீண்ட நாள் ஸ்டீராய்டோ எடுத்தால் முதலிலேயே சொல்லுங்கள். புற்றுநோய் சிகிச்சையோ நீண்ட நாள் ஸ்டீராய்டோ எடுக்கும் பிள்ளைகளுக்கு உயிருள்ள ஊசிகள் கூடாது.

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பஸ் போய்விடும் என்று கிளம்பாதீர்கள். ஒவ்வாமை அதிர்ச்சி மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்தான் வரும். உதடு, கண் வீங்குவது, மூச்சு இழுப்பது, தடிப்பு, திடீர் வாந்தி கண்டால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அதற்கான மருந்தான அட்ரினலின் அங்கேயே இருக்கும். வீட்டுக்கு வந்தபின் என்றால் 108.

இந்த வயதில் வரும் திடீர் ஊசிகள்

அழுக்குக் காயம், ஆணி, முள் என்றால் கடைசி டெட்டனஸ் ஊசி 5 வருடத்துக்கு முந்தியதா என்று பார்ப்பார்கள். சுத்தமான சின்னக் காயத்துக்கு அது 10 வருடம். தேதி தெரியாவிட்டால் போட்டுவிடுவார்கள். அட்டையின் படம் செல்போனில் இருந்தால் அந்த ஊசி மிச்சம்.

நாய் கடித்தால் கதை வேறு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள் என நான்கு தடவை. ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தும் உண்டு. மூன்றாவது தடவைக்குப்பின் நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று 28ஆம் நாளை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

16 வயது ஊசி முடிந்ததும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். பாளையங்கோட்டையில் நர்சிங் சேரும்போதும், வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகும்போதும் மஞ்சள் காமாலை பி, எம்.எம்.ஆர். தேதிகளைக் கேட்கக்கூடும். அதில் தேதியோடு ஊசியின் பிராண்டும் பேட்ச் எண்ணும் இருந்தால், மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டியது குறையும்.